வெளிநாட்டுப் பயணமும் உள்ளூர் பீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகளில் அண்மைக் காலமாகக் கிராஃப்ட் பீர் (சிறு ஆலைகளில் காய்ச்சும் பீர்) பார்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்கப்படுகிறது. அருங்காட்சியகம், தேவாலயம், சந்தை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, மாலையில் இன்ன இடத்துக்குப் போகலாம் என்று ஒரு பெயரையும் படத்தையும் போட்டு முடித்துவிடுகிறார்கள். அங்கே ஊற்றப்படும் பீர் அந்த ஊரில் தயாரானதுதானா என்பதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. பயணம் செய்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

செங்கல் சுவர், இரும்பு முக்காலிகள், கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிய இருபது முப்பது பெயர்கள் என இந்த பார்களின் தோற்றம் கண்டத்துக்குக் கண்டம் மாறுவதில்லை. பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான்: பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைத் தூக்கலாகப் போட்ட ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) வகைகள் முன்னால் நிற்கும், கடைசி வரியில் உள்ளூர்ப் பெயர் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஹாப்ஸின் பழ மணம் சில மாதங்களிலேயே மங்கிவிடக்கூடியது. வெப்பம் பட்டால் இன்னும் விரைவாகப் போய்விடும். கடல் கடந்து பெட்டியில் வந்த ஐபிஏயை இன்னொரு நாட்டு பாரில் உட்கார்ந்து குடிப்பவர், அந்த நாட்டைப் பற்றியும் அறிவதில்லை, அந்த பீரின் முழுச் சுவையையும் அறிவதில்லை.

இதற்கு நேர்மாறான அனுபவத்தை ஜெர்மனியின் கொலோன் நகரம் தரும். அங்கே கொல்ஷ் என்னும் வெளிர் பொன்னிற பீரை 200 மில்லிலிட்டர் மட்டுமே பிடிக்கும் ஒல்லியான நேர்க்குவளையில் தருவார்கள். நீல நிற மேலங்கி அணிந்த பரிசாரகர் வட்டத் தட்டில் குவளைகளைச் செருகிக்கொண்டு மேசைகளுக்கு இடையே சுற்றிவருவார். குவளை காலியானதும் கேட்காமலேயே அடுத்ததை வைத்து, அடியில் கிடக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போய்விடுவார். போதும் என்றால் அந்த அட்டையை எடுத்துக் குவளையின் மேல் மூடிவைக்க வேண்டும். வாயால் சொல்வதைவிட அந்த அட்டைக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம். குவளை ஏன் இவ்வளவு சிறியது என்று முதலில் எரிச்சல் வரலாம். ஆனால் நுரை அடங்கி, குளிர்ச்சி போவதற்குள் குடித்து முடிக்க ஏற்ற அளவு அதுதான். கொலோன் பகுதி பீர் ஆலைகள் 1986-இல் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு இந்த பீரின் தன்மையை வரையறுத்தன. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியமும் அந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு அளித்தது. ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள டூசல்டார்ஃபில் கொல்ஷ் கேட்டால் கேலிதான் மிஞ்சும்; அங்கே செம்பு நிற ஆல்ட் பீர்தான் ஊரின் பெருமை.

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் பீச் மர நெருப்பின் புகையில் மால்ட்டை, அதாவது முளைகட்டிய தானியத்தை, உலர்த்துவதால், பீரில் புகை வாசனை ஏறியிருக்கும். முதல் வாய்க்கு முகம் சுளிக்காதவர்கள் குறைவு. பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் 1900-இல் தொடங்கப்பட்ட கான்டியோன் ஆலையோ இன்னும் விசித்திரமானது. கொதித்த மால்ட் சாற்றைப் பரணில் உள்ள ஆழமில்லாத செம்புத் தொட்டியில் இரவு முழுவதும் திறந்தே ஆறவிடுகிறார்கள். காற்றில் மிதந்து வரும் ஈஸ்ட்டும் நுண்ணுயிரிகளும் தாமாக அதில் இறங்கி வேலையைத் தொடங்குகின்றன. வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் பெருகும் என்பதால் குளிர் மாதங்களில் மட்டுமே காய்ச்சுகிறார்கள். பிறகு ஓக் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் அந்தப் புளிப்பு பீரில், ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டுச் சரக்கைக் கலந்து புட்டியில் அடைப்பதே கூஸ் என்னும் பீர் வகை. பீப்பாய் அறையில் சிலந்தி வலைகளை யாரும் கலைப்பதில்லை. பூச்சிகளைப் பிடிக்கும் பணியாளர்களாகவே அந்தச் சிலந்திகள் நடத்தப்படுகின்றன. பெல்ஜியத்தின் பீர் பண்பாட்டை யுனெஸ்கோ 2016-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த அங்கீகாரத்தைவிட அந்தச் சிலந்தி வலைகளே எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

ஓர் ஊரில் சிறு ஆலைகள் இருப்பதும் இல்லாததும் மக்களின் ரசனையைவிடச் சட்டத்தைப் பொறுத்தது என்பதையும் பயணக் கட்டுரைகள் சொல்ல வேண்டும். ஜப்பானில் பீர் உரிமம் பெற ஆண்டுக்குக் குறைந்தது 20 லட்சம் லிட்டர் தயாரிக்க வேண்டும் என்றிருந்த விதியை 1994-இல் 60 ஆயிரம் லிட்டராகக் குறைத்த பிறகே, சிற்றூர்களில்கூட ஆலைகள் முளைத்தன. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதைக் கூட்டாட்சி அளவில் அனுமதிக்கும் சட்டம் 1978-இல்தான் கையெழுத்தானது. பின்னாளில் ஆலை தொடங்கியவர்களில் பலர் அப்படி வீட்டில் கைப்பழக்கம் பெற்றவர்கள். பிரிட்டனில் 2002-இல் சிறு ஆலைகளுக்கு வரிச்சலுகை கிடைத்தது. வரி அதிகாரியின் பேனா தொடாத பீர் உலகில் எங்கும் இல்லை என்றே சொல்லலாம்.

சரி, நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பீர் ஊற்றும் குழாய்கள் எத்தனை என்று எண்ணுவதால் பயனில்லை. முப்பது குழாய்கள் இருந்து கூட்டம் குறைவாக இருந்தால், பீப்பாய்கள் திறந்தபடியே பல நாள் கிடக்கின்றன என்றுதான் பொருள். பிரிட்டனின் பப்களில் கைப்பம்பில் இறைத்துத் தரும் காஸ்க் ஏல் (பீப்பாயிலேயே முதிரும் பீர்), பீப்பாய் திறந்த சில நாள்களுக்குள் தீர்ந்தாக வேண்டிய சரக்கு. அங்கே இரண்டு மூன்று கைப்பிடிகள் மட்டுமே உள்ள பப், பத்து உள்ள பப்பைவிட நம்பகமானதாக இருக்கக்கூடும். மாலைக் கூட்டம் சேர்வதற்கு முன்பே போனால் பரிமாறுபவருக்குப் பேச நேரம் இருக்கும். மிக அருகில் காய்ச்சியது எது, இன்று திறந்த பீப்பாய் எது என்ற இரண்டு கேள்விகளுக்கு அவர் தயங்காமல் பதில் சொன்னால் தாராளமாக உட்காரலாம். பதிலுக்குப் பட்டியல் அட்டையை நீட்டினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

குவளையையும் பார்க்க வேண்டும். பீருக்குள் கண்ணாடியின் உட்புறத்தில் குமிழ்கள் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது சரியாகக் கழுவாத குவளை. சுத்தமான குவளையில் ஒவ்வொரு மிடறுக்குப் பிறகும் நுரை வளையமாகப் படிந்து நிற்கும். புளிப்பு வகையைச் சேராத பீரில் வினிகர் நெடியோ, உருகிய வெண்ணெய் வாசனையோ வந்தால் குழாய்களைக் கழுவிப் பல நாளாகியிருக்கலாம். அத்தகைய பீரைத் திருப்பித் தரலாம்; நல்ல பாரில் இதற்காக யாரும் முகம் கோணமாட்டார்கள்.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். பெல்ஜிய வகைகளில் எட்டு, ஒன்பது சதவீத மதுச்செறிவு சாதாரணம். பல வகைகளைச் சுவைக்க விரும்புபவர்கள் சிறு குவளைகளாகக் கேட்டு வாங்கி, இடையிடையே தண்ணீர் குடித்து, வண்டி ஓட்டாமல் தங்குமிடம் திரும்புவதே முறை.

ஆகவே, இனி இத்தகைய இடங்களைப் பற்றி எழுதுவோர் முகவரியோடும் படத்தோடும் நிறுத்திக்கொள்ளாமல், பீர் எங்கே காய்ச்சப்படுகிறது, ஆலை யாருடையது, சிறு குவளை கிடைக்குமா, வெளியாள் ஆலையைச் சுற்றிப் பார்க்க எந்த நாளில் அனுமதி என்ற விவரங்களையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பெரு நிறுவனங்கள் வாங்கிவிட்ட ஆலைகள் பழைய பெயரிலேயே இயங்கிவருவதால், உரிமையாளர் யார் என்ற தகவல் குறிப்பாகத் தேவை. படத்துக்குத் தரும் இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்