அரங்கேற்றத்துக்குப் பிறகு என்ன?

ஆசிரியருக்கு,

என் மகள் ஏழு வயதில் பரதநாட்டியத்துக்குச் சலங்கை கட்டியவள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளை ஒவ்வொன்றாக முடித்து, கலாவித்தகர் பட்டமும் எடுத்துவிட்டாள். இப்போது வங்கி வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். கூட ஆடிய பிள்ளைகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். மிஞ்சினால், நடன ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருப்பு.

பாரிஸ் ஓபெராவின் பாலே பள்ளி 1713இல் தொடங்கியது. அங்கே தேறும் பிள்ளைக்கு அதே ஓபெராவின் குழுவில் சேர்ந்து சம்பளத்துக்கு ஆட வழி உண்டு. சரி, அவ்வளவு தூரம் ஏன்? கொழும்பில் நடனக் கலைஞர் சித்ரசேன 1940களில் ஆரம்பித்த நடனப் பள்ளியும் குழுவும் மூன்றாம் தலைமுறையிலும் கண்டி நடனத்தை வெளிநாட்டு மேடைகளில் ஏற்றுகின்றன.

நமக்கு மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமே நடனத்தில் பட்டம் தருகிறது. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் பக்கத்துக் கலாசார மையத்தில் 600 பேர் இருக்கக்கூடிய அரங்கும் உண்டு. ஆடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு குழுதான் இல்லை.

பத்துப் பேர், ஒரு நட்டுவனார், பாட்டு, மிருதங்கம், வயலின் என்று இரண்டு வருட ஒப்பந்தத்தில் தொடங்கலாம். மாதம் ஒருமுறை இங்கே ஆடட்டும்; மற்ற நாட்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளுக்குப் போகட்டும். காசுக்கு எங்கே போவது என்பார்கள். ஒரே நாள் அரங்கேற்றத்துக்கு மண்டபம், நகை, வீடியோ, சாப்பாடு என்று நாங்கள் கொட்டுகிற காசை நினைத்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மாகாணப் பண்பாட்டலுவல்கள் பிரிவு முன்வந்தால், புலம்பெயர்ந்த உறவுகளிடமும் கேட்கலாம்.

ஒரு தாய்,
கோண்டாவில்.