வாக்களிப்பு முறைகளை ஒப்பிடும் சீர்திருத்தக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

1987 அக்டோபர் 19 அன்று டோ ஜோன்ஸ் குறியீட்டெண் ஒரே நாளில் 22.6 விழுக்காடு சரிந்தது. ஆனாலும் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த நிலையைவிடச் சற்று மேலேதான் அது அந்த ஆண்டை முடித்தது. ஒரு நாள் சரிவை வைத்துப் பங்குச் சந்தையை எடைபோடக் கூடாது என்பதை ஏற்கும் நாம், ஒரே தேர்தலின் முடிவை வைத்து ஒரு வாக்களிப்பு முறையையே ஒதுக்கிவிடுகிறோம்.

அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் 2009இல் நடந்த மேயர் தேர்தலைப் பாருங்கள். வாக்காளர்கள் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்க, பின்தங்கியவர்கள் சுற்றுக்குச் சுற்று நீக்கப்பட்டு, அவர்களுடைய வாக்குகள் அடுத்த விருப்பத்தில் இருந்தவர்களுக்குச் சேர்க்கப்பட்டன. முதல் விருப்ப வாக்குகளில் கர்ட் ரைட் முந்தினார். இறுதிச் சுற்றில் பாப் கிஸ் 4313க்கு 4061 என்ற கணக்கில் அவரை வென்றார். ஆனால் இறுதிச் சுற்றுக்கு முன்பே நீக்கப்பட்ட ஆண்டி மான்ட்ரோல், நேருக்கு நேர் நின்றிருந்தால் மற்ற ஒவ்வொருவரையும் வென்றிருப்பார் என்பதை வாக்குச்சீட்டுகளின் முழு விவரம் காட்டியது. இது அம்முறையின் உண்மையான குறை. அதன் ஆதரவாளர்கள் இதை மழுப்பக் கூடாது. மறு ஆண்டே அம்முறை கைவிடப்பட்டு, எவரும் 40 விழுக்காட்டை எட்டாவிட்டால் முதலிருவருக்கிடையே மறுசுற்று நடத்தும் பழைய விதி திரும்பியது. அதே முதல் விருப்பங்களை இவ்விதிப்படி எண்ணினாலும் ரைட்டும் கிஸ்ஸும்தான் மறுசுற்றுக்குச் செல்வார்கள். எந்தக் குறைக்காக முறை மாற்றப்பட்டதோ அந்தக் குறை அப்படியே இருக்கும்.

மூவரோ அதற்கு மேற்பட்டவர்களோ போட்டியிட்டால், நியாயமான எதிர்பார்ப்புகள் அனைத்தையும் நிறைவேற்றும் வரிசைமுறை எதுவும் இல்லை என்று பொருளியலாளர் கென்னத் ஆரோ 1951இலேயே நிறுவிவிட்டார். எனவே, எந்தக் குறை எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பங்கு வாங்குபவர் தம் கணிப்பைவிடப் பிறர் எதை விரும்புவார்கள் என்பதையே ஊகிக்கிறார் என்று பொருளியலாளர் கெய்ன்ஸ் 1936இல் எழுதினார். ஒரே ஒருவருக்கு மட்டும் வாக்களிக்கும் முறையில், பிடித்தவருக்கு இட்டால் வாக்கு வீணாகும் என்று அஞ்சும் வாக்காளரும் அதையேதான் செய்கிறார். ஆகவே அத்தகைய வாக்கு எண்ணிக்கையை மக்களின் உண்மையான விருப்பமாகக் கொண்டு பிற முறைகளோடு ஒப்பிடுவது தவறு.

வாக்காளரின் அடையாளம் வெளிப்படாத வகையில், விருப்ப வரிசைத் தேர்தல்களின் வாக்குச்சீட்டு விவரங்களை முழுமையாக வெளியிடுமாறு தேர்தல் அமைப்புகளை வலியுறுத்துங்கள். எந்த அளவுகோல்களால் மதிப்பிடப்போகிறீர்கள் என்பதை முடிவுகளைப் பார்க்கும் முன்பே அறிவித்துவிட்டு, பல தேர்தல்களின் வாக்குகளை ஒவ்வொரு விதியின்படியும் எண்ணிப் பார்த்து, அதன் பிறகு உங்கள் பரிந்துரையை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்