மாமா வாங்கி வந்த சென்சார் மன்னார்குடியில் ஓடவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை. ஏழு வயதில் கண்டுபிடித்தார்கள், இப்போது பன்னிரண்டு. தினமும் நாலு ஊசி. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்குகிற பிள்ளையின் விரலில் குத்திப் பார்ப்பேன். தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி லோ ஆகிவிடுமோ என்ற பயம் அந்த மாதிரி. அதனால்தான் கையில் ஒட்டுகிற சென்சார் என்று கேள்விப்பட்டதும் அவ்வளவு ஆசைப்பட்டேன். பதினான்கு நாள் கையிலேயே இருக்கும், போனை அருகில் காட்டினால் அளவு தெரியும், விரலில் குத்துவது வெகுவாகக் குறையும்.

எங்கள் பக்கத்தில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஆள் இல்லாத தெருவே கிடையாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, பொங்கலுக்கு வந்தபோது கோடாலித் தைலம், சாக்லேட்டோடு நாலு சென்சாரும் வாங்கி வந்தான். ஒன்றை மகள் கையில் ஒட்டி, போனை வைத்தால், இந்த ஆப்புக்கு இந்த சென்சார் பொருந்தாது என்று வருகிறது. ஒட்டுவதற்கு முன்னால் அதைச் சொல்லாது, ஊசி இறங்கி ஒட்டிய பிறகுதான் சொல்லும். எடுத்து மறுபடி ஒட்டவும் முடியாது. கம்பெனிக்குப் போன் போட்டால், வாங்கிய நாட்டு ஆப்பில்தான் ஓடும் என்கிறார்கள். சரி, அந்த ஆப்பைப் போட்டுக்கொள்ளலாம் என்றால், அது நம் ஊர்க் கணக்கில் டவுன்லோட் ஆகாது. "மாமா காசு வீணாப் போச்சாம்மா?" என்று பிள்ளை கேட்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்படி நாட்டுக்கு நாடு பூட்டி வைப்பதற்கு ஒரு நியாயமும் சொல்கிறார்கள். நாம் சர்க்கரையை மில்லிகிராமில் பார்க்கிறோம், சிங்கப்பூரில் மில்லிமோல் என்ற வேறு அலகில். இங்கே 126 என்றால் அங்கே 7. எண்ணை மாற்றிப் புரிந்துகொண்டு இன்சுலின் போட்டால் ஆபத்துதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது 18-ஆல் பெருக்குகிற கணக்கு, அதைச் செய்யத்தானே ஆப் இருக்கிறது?

இதைவிடப் பெரிய வித்தியாசத்தை நாங்கள் தினமும் கையில் வைத்திருக்கிறோம். அரசு ஆஸ்பத்திரியில் தருகிற இன்சுலின் குப்பி மில்லிக்கு 40 யூனிட், வெளிநாட்டிலிருந்து வருவது 100. 40-க்கான சிரிஞ்சில் 100 இன்சுலினைப் பத்துக் கோடு வரை இழுத்தால் பத்து யூனிட் போட வேண்டிய இடத்தில் 25 யூனிட் உள்ளே போய்விடும், உயிருக்கே ஆபத்து. அதற்கு என்ன செய்தார்கள்? 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி, குப்பியிலும் எழுதியிருக்கும், அப்புறம் நர்ஸ் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். யாரும் குப்பிக்குப் பூட்டுப் போடவில்லை.

எனக்கு மட்டும் நேர்ந்த தொல்லை என்றும் நினைக்க வேண்டாம். லீவுக்கு ஊர் வருகிறவர் கையில் ஒட்டியிருக்கும் சென்சார், நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் கழன்று விழுந்தால், இங்கே மருந்துக் கடையில் வாங்குவது அவர் போனில் ஓடாது. இங்கிருந்து படிக்கப் போகிற பிள்ளைக்கும் அதே கதைதான்.

2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. 2021 ஜூலையில், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற குளுக்கோமீட்டருக்கு வியாபார லாபம் 70 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய அரசு வரம்பு வைத்தது. இதய ரத்தக் குழாயில் வைக்கிற ஸ்டென்ட் விலையை 2017-லேயே கட்டுப்படுத்தினார்கள். ஆகவே அதிகாரம் இல்லை என்று சொல்ல முடியாது. எந்த நாட்டில் ஓடும், எந்த நாட்டில் ஓடாது என்று பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லட்டும், அது நாளைக்கே செய்யக்கூடியது. டாக்டர் சீட்டும் பில்லும் காட்டினால் கம்பெனி அந்தப் பூட்டைத் திறந்துவிட வேண்டும் என்றும் விதி வரட்டும். நம் டெல்டா எம்.பி.க்கள் யாராவது இதை நாடாளுமன்றத்தில் கேட்டால், எங்களைப் போன்ற வீடுகளுக்குப் பெரிய உதவி.

மீதி மூன்று பெட்டி அலமாரியில் இருக்கிறது. திருப்பி எடுத்துப் போய் அங்கே யாருக்காவது கொடுத்துவிடு என்று தம்பியிடம் சொன்னேன். அவன் அடுத்து வருவது தீபாவளிக்கு. பெட்டியில் போட்டிருக்கும் காலாவதி ஆகஸ்ட்.

ஒரு தாய்,
மன்னார்குடி