மால்கம் மெக்டொனால்டும் மூன்று துறைமுகங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மால்கம் மெக்டொனால்டைப் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ராம்சே மெக்டொனால்டின் மகன் என்று மட்டும் அறிமுகம் செய்வது நியாயமல்ல. 1938-ல் பிரிட்டிஷ் அமைச்சராக, பிரதமர் டி வலேராவின் அயர்லாந்துடன் உடன்பாடு ஏற்பட உழைத்தவர் அவர். நிலம் வாங்க ஐரிஷ் விவசாயிகள் பெற்ற கடனை பிரிட்டனுக்குத் திருப்பிக் கட்டுவது பற்றிய நிலத்தவணைத் தகராறு 1 கோடி பவுண்டில் தீர்ந்தது, ஒருவர் சரக்குக்கு மற்றவர் வரி போட்ட வரிச்சண்டையும் ஓய்ந்தது. அதுவரை பிரிட்டன் வைத்திருந்த கோப், பெர்ஹேவன், லாக் ஸ்வில்லி துறைமுகங்கள் அயர்லாந்து வசமாயின. போர் வந்தால் அவற்றைப் பயன்படுத்தும் உரிமையை பிரிட்டன் எழுதி வாங்காததுதான் ஓட்டை. சர்ச்சில் அப்போதே சீறினார். மறு ஆண்டு அவர் பொறுப்பில் பிரிட்டிஷ் அரசின் பாலஸ்தீனக் கொள்கையைச் சொன்ன வெள்ளை அறிக்கை: ஐந்தாண்டில் 75,000 யூதர்களுக்கே அங்கு குடியேற அனுமதி. பிறகு கனடாவிலும் சிங்கப்பூரிலும் பதவிகள்; 1955 முதல் 1960 வரை டெல்லியில் உயர் ஆணையர், அதாவது காமன்வெல்த் நாடுகளுக்கிடையிலான தூதர். கென்யாவில் நடந்ததோ விசித்திரம்! 1963 தொடக்கத்தில் கவர்னர். டிசம்பர் 12-ல் சுதந்திரம் வந்ததும் பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல். அடுத்த ஆண்டு குடியரசானபின் அங்கேயே பிரிட்டிஷ் உயர் ஆணையர்.

- ஒரு வாசகர், திருச்சி