வேரை இழந்த பெரணியும் பல்லை இழந்த வாத்தலகியும்

உயிரியல் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பெரணியைக் 'கீழ்நிலைத் தாவரம்' என்றும், முட்டையிடும் ஆஸ்திரேலிய விலங்கான வாத்தலகியை (பிளாட்டிபஸ்) 'முழுமை பெறாத பாலூட்டி' என்றும் படித்து வளர்ந்தவன் நான். ஒன்றுக்குப் பூ இல்லை, மற்றொன்றுக்கு முலைக்காம்பு இல்லை. ஆகவே இரண்டுக்கும் பரிணாம ஏணியின் அடிப்படி. இந்த வழக்கை இனியாவது கைவிடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் டிமெசிப்டெரிஸ் ஒப்லான்சியோலேட்டா என்றொரு சிறு பெரணி உண்டு. சாண் உயரம்கூட வளராது. வேரே கிடையாது. வேரில்லாத இந்தக் குடும்பத்தை, நிலத்தில் முதன்முதல் முளைத்த தாவரங்களின் மிச்சம் என்றே அறிஞர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். டி.என்.ஏ. ஆய்வு அதை மறுத்தது. இவை பெரணிகளே, வேருள்ள முன்னோருக்குப் பிறந்து, பின்னால் வேரை விட்டவை. பச்சையமின்றி வாழும் இவற்றின் பாலணுத் தலைமுறைக்குப் (விந்தணுவும் முட்டையும் உருவாக்கும் சிறு தலைமுறைக்குப்) பூஞ்சைதான் உணவூட்டுகிறது. 2024இல் இந்தச் சிற்றினத்தின் மரபணுத்தொகுதியை அளந்தபோது சுமார் 16,000 கோடி கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள்) இருந்தன. அதுவரை அளந்த உயிர்களில் இதுவே மிகப் பெரியது. மனிதனுடையதைப் போல ஐம்பது மடங்கு. அளவு பெரிதென்பதால் அதை உச்சிப்படியில் ஏற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஏணியே பொருந்தாது என்கிறேன்.

வாத்தலகிக்கும் இதே கதைதான். வளர்ந்த விலங்குக்குப் பல் இல்லை. ஆனால் குஞ்சுக்குப் பல் அரும்பி உதிர்கிறது. அதன் உறவினமான ஆப்டுரோடான் புதைபடிவங்களிலோ வளர்ந்த விலங்குக்கே பற்கள் உள்ளன. பல்லும் பிற்காலத்தில் போனதுதான். நீருக்குள் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொண்டு, இரையின் தசை எழுப்பும் மின்புலத்தை அலகால் உணர்ந்து வேட்டையாடுகிறது அந்த விலங்கு. அலகில் ஏறத்தாழ 40,000 மின்னுணர் உறுப்புகள்! நமக்கு ஒன்றுகூட இல்லை. 1799இல் அதை முதலில் விவரித்த ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா, யாரோ வாத்தின் அலகை ஒட்டி ஏமாற்றுகிறார்களோ என்று ஐயுற்றார். அவருக்குக் கிடைத்தது உலர்ந்த தோல் மட்டுமே. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

'கீழ்நிலை' என்பதற்குப் பதிலாக 'ஸ்போர்களால் (விதையல்லாத நுண் வித்துகளால்) பரவும் தாவரம்' என்றும், 'முழுமை பெறாத' என்பதற்குப் பதிலாக 'முட்டையிடும் பாலூட்டி' என்றும் எழுதுங்கள். இழந்ததை இழந்தது என்றே சொல்லுங்கள். ஏணிப் படத்தை நீக்கிவிட்டு ஒரு கிளைமரம் வரையுங்கள். அதில் பெரணி, வாத்தலகி, மனிதன் மூன்றும் ஒரே உயரத்தில், கிளை நுனிகளில் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் நூல்களின் பழைய மாணவன்