வீட்டுக்கு முந்தின ஸ்டாப்

வடசேரி,
நாகர்கோவில்

மக்களே,

விசா வந்துவிட்டது. நேற்று மத்தியானம் கூரியர்காரர் கொண்டுவந்து தந்தார். அம்மா இரண்டு பாஸ்போர்ட்டையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள். "நான் லீவு போட்டு பாரிஸ் ஏர்போர்ட்டுக்கு வாறேன், நீங்க பேசாம என் பின்னால வந்தா போதும்" என்று போனில் சொன்னாய் அல்லவா, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய்.

நீ லீவு போட வேண்டாம். ஏர்போர்ட்டிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, அங்கிருந்து நீ இருக்கும் லில்லுக்கு நேர் ரயில், சுமார் ஒரு மணி நேரம்தான். நாங்களே வந்துவிடுவோம். அதற்கு வேண்டிய பிரெஞ்சுச் சொற்களை மூன்று மாதமாகப் படிக்கிறேன். நீ பத்தாம் வகுப்பில் பாதி எழுதிவிட்டுப் போட்ட கணக்கு நோட்டு இருந்ததே, அதன் மீதிப் பக்கங்கள் நிறைந்துவிட்டன.

இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று கேட்பாய். உனக்குச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. நான் பஸ் கண்டக்டராக வேலைக்குச் சேர்ந்த புதிது. ராத்திரி டிரிப், வடசேரியிலிருந்து களியக்காவிளை. வயதான வங்காளி ஒருவரும் அவர் மனைவியும் ஏறினார்கள். அவர் ரூபாயை நீட்டி "குமாரி" என்றார். பஸ்ஸில் நல்ல கூட்டம். என் காதில் விழுந்தது குமாரகோவில். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். குமாரகோவில் ஜங்ஷனில் விசிலடித்து இறக்கிவிட்ட பிறகுதான் அந்த அம்மா இருட்டைப் பார்த்துக் கையை ஆட்டி "சொமுத்ரோ, சொமுத்ரோ" என்றாள். சமுத்திரம்! கன்னியாகுமரிக்குப் போக வேண்டியவர்களை எதிர்த்திசையில் கொண்டுவந்து நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறேன். பஸ்ஸை நிறுத்தி வைத்து, எதிரே வந்த வண்டியைக் கைகாட்டி அதில் ஏற்றிவிட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. மறுநாளே ஒரு ஹோட்டல்காரரிடம் கேட்டு "கோதாய் ஜாபேன்" என்று படித்துக்கொண்டேன். எங்கே போகிறீர்கள் என்று அர்த்தம். அப்புறம் 31 வருஷ சர்வீஸில் யாரையும் நான் தப்பான இடத்தில் இறக்கியதில்லை. இப்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டு வேற்றூருக்கு வருவது நான். அவள் கை நடுங்கக் கூடாது.

சரி, படித்ததைச் சொல்கிறேன். தப்பிருந்தால் திருத்து.

முதல் நாளே திகைத்துப் போனது கண்டக்டர் என்ற சொல்லில். கோந்துக்தர் என்றால் அங்கே வண்டி ஓட்டுகிறவர்! டிக்கெட் பரிசோதிக்க வருகிறவர் கோந்த்ரோலர், நம்ம ஊர் செக்கர் மாதிரி. பஸ்ஸில் காசு வாங்கி டிக்கெட் கொடுத்த ஆளுக்கு ஒரு பழைய சொல் இருக்கிறது, ரெஸெவர். பெற்றுக்கொள்பவர் என்று அர்த்தம். இது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நோட்டில் என் பெயருக்குக் கீழே அதை எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்தது கார். வெளியூர் போகும் பெரிய பஸ்ஸுக்கு லெ கார். நாம் கார் என்கிறதற்கு வுவாத்யூர். ரயில் பெட்டிக்கும் அதே வுவாத்யூர்தான், டிக்கெட்டில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் பெட்டி எண். இது போதாதென்று ரயில் நிலையத்துக்கு லா கார். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே கார்தான். ஸ்டேஷனுக்குக் கோபாலில் வரும் க, பஸ்ஸுக்குக் கண்ணனில் வரும் க. வாய் தடுமாறினாலும் முன்னால் வரும் லா, லெ காப்பாற்றிவிடும் என்று கண்டுபிடித்திருக்கிறேன். அதனால் இனி எந்தச் சொல்லையும் அதன் லா, லெ இல்லாமல் எழுதுவதில்லை.

ரயிலுக்கும் விமானத்துக்கும் எடுப்பது பியே, பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் திக்கே. போக மட்டும் அலே சாம்ப்ள், போகவர அலே ரெத்தூர். உள்ளே உட்கார்ந்து போனால் ஆன்: ஆன் பஸ், ஆன் த்ரேன். சைக்கிளிலோ குதிரையிலோ நடந்தோ போனால் ஆ: ஆ வேலோ, ஆ ஷெவால், ஆ பியே. இந்தப் பியே கால். டிக்கெட்டும் இதுவும் தமிழில் ஒரே மாதிரி விழுகின்றன, காதால்தான் பிரிக்க வேண்டும்.

எண்கள்தான் கஷ்டம். 80 என்பதற்கு நாலு இருபது என்கிறார்கள். 97 வேண்டுமானால் நாலு இருபது பத்து ஏழு. ஆனால் நீ மூன்றாம் வகுப்பில் கேட்டாயே, தொண்ணூறு நூறுக்குக் கீழேதானே, அதற்குள் எப்படி நூறு வந்தது என்று. நம் எண்ணிலும் அப்படி ஒரு முடிச்சு இருக்கிறது. தினமும் வடசேரி ஸ்டாண்டில் நின்று, போகிற வண்டிகளின் நம்பரை பிரெஞ்சில் சொல்லிப் பார்க்கிறேன்.

யூனியன்காரனுக்குத் தேவையான சொல்லையும் விடவில்லை. ஸ்டிரைக்குக் கிரேவ். மணலும் சரளையும் கிடக்கும் கரைக்குத்தான் முதலில் அந்தப் பெயராம். பாரிஸில் செய்ன் ஆற்றங்கரைத் திடல் ஒன்றுக்கு அந்தப் பெயர் இருந்தது, வேலை தேடுகிறவர்கள் அங்கே வந்து கூடுவார்கள், அப்படி வந்த சொல். ஸ்டேஷன் பலகையில் அதைப் பார்த்தால் அன்று மட்டும் உனக்குப் போன் செய்வேன்.

கஸ்டம்ஸுக்கு துவான். நம்ம திவானும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அங்கே பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோக விட மாட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லி, பெட்டியில் வைத்த நெய்யை எடுத்துவிட்டேன். கோபம்தான். முந்திரிக்கொத்து வருகிறது, ஏத்தங்காய் சிப்ஸ் வருகிறது. அம்மா படித்தது ஒரே ஒரு வாக்கியம்: "ஊ சோன் லே துவாலேத்." கக்கூஸ் எங்கே என்று கேட்பது. முதலில் படிக்க வேண்டியது அதுதான், நான் 40ஆம் பக்கத்தில்தான் எழுதியிருந்தேன். எதைக் கேட்டாலும் முதலில் போன்ஜூர் சொல்ல வேண்டும் என்று நீ சொன்னதையும் இரண்டு பேரும் பழகிவிட்டோம்.

புலியூர்க்குறிச்சியைத் தாண்டும்போதெல்லாம் உதயகிரிக் கோட்டையில் இருக்கும் டிலனாய் கல்லறையைப் பற்றிக் கேட்பாயே. டச்சுப் படையில் இருந்து, 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, அப்புறம் அவருக்கே படை பழக்கிய ஆள். அவர் பிறந்த அராஸ் உன் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று வரைபடத்தில் இப்போதுதான் பார்த்தேன். ஒரு நாள் கூட்டிப் போ.

லில்லில் இரண்டு ஸ்டேஷன் இருப்பது தெரியும், லில் பிளாந்தர், லில் எரோப். நாகர்கோவில் டவுனில் இறங்கிவிட்டு ஜங்ஷனைத் தேடுகிற ஆட்களை நிறையப் பார்த்தவன் நான், மாற்றி இறங்க மாட்டேன். புறப்படுவதற்கு 2 நிமிஷம் முன்னாலேயே கதவை அடைத்துவிடுவார்கள் என்பதும் தெரியும். உங்கள் மெட்ரோ 1983 முதல் டிரைவரே இல்லாமல் ஓடுகிறதாமே. அதில் என்னை முன்பக்கம் நிற்க வை, பாதையைப் பார்க்க வேண்டும்.

வண்டி மாறி ஏறுவதற்கு என்ன சொல் தெரியுமா? கொரெஸ்பொந்தான்ஸ். கடிதம் எழுதிக்கொள்வதற்கும் அதுதான் சொல். அதனால் இதற்குப் பதிலைக் கடிதமாகவே எழுது. வாட்ஸ்அப்பில் அனுப்பாதே.

எழுதும்போது ஒன்று மறக்காதே. உன் வீட்டு ஸ்டாப்பின் பெயரை அனுப்பிவிட்டாய், அதற்கு முந்தின ஸ்டாப்பின் பெயர் வேண்டும். அது தாண்டியதும் நான் பட்டனை அழுத்த வேண்டும். அரே தெமாந்தே என்று விளக்கு எரியுமாமே.

அப்பா