உப்பு எவ்வளவு என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை விருந்துக்கென்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த சமையல் பக்கத்தைப் பார்த்தேன். படங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கூழ் வடாத்துக்கு உப்பு 'தேவையான அளவு', மாங்காய் ஊறுகாய்க்கும் அதே, மோர் மிளகாய்க்கும் அதே. தேவை எவ்வளவு என்று தெரிந்தவர்கள் ஏன் சார் உங்கள் குறிப்பைப் படிக்கப் போகிறார்கள்?

சாம்பாரில் உப்பு குறைந்தால் இலையில் போட்டுக்கொள்ளலாம். வடாம் அப்படியில்லை, கூழை வாயில் வைக்கும்போது சரியாக இருந்தால் காய்ந்து பொரித்த பிறகு கரிக்கும், ஏனென்றால் தண்ணீர்தான் வெயிலில் போகிறது, உப்பு போவதில்லை. அதனால் கை கொஞ்சம் குறைந்தே இருக்க வேண்டும். ஊறுகாய் இதற்கு நேர்மாறு, குறைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். ஆவக்காய்க்குக் கடுகுப்பொடி, மிளகாய்த்தூள், உப்பு மூன்றையும் ஒரே கிண்ணத்தால் சமமாக அளந்து போடுகிற வழக்கம் ஒன்று உண்டு, ஒரே வரியில் எழுதிவிடலாம், புதிதாகப் போடுகிறவளுக்கு அந்த ஒரு வரி போதும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. கத்திரி முடிந்துவிட்டது, ஆனாலும் மொட்டை மாடியில் வெயில் குறையவில்லை. ஆடிக் காற்று கிளம்பி மண்ணை வாரிக் கொட்டுவதற்குள் வடாம், வற்றல் எல்லாம் இட்டு எடுத்துவிட வேண்டும், பள்ளிக்கூடம் திறக்கும்வரை உறவுக்காரர்கள் வேறு வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். புத்தகத்தைத் திறந்து பார்க்கிற காலம் இதுதான்.

எங்கள் வீட்டில் அந்தப் புத்தகம் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951இல் முதலில் வந்தது. கூடமாட உதவ மூத்தவர்கள் யாரும் இல்லாமல் தனியாக அடுப்படியில் நிற்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது போல இருக்கும், எதற்கு எவ்வளவு, எப்போது இறக்குவது என்று சொல்லிவிடுகிறார். எங்களிடம் இருப்பது பழைய பதிப்பு, கிராம் லிட்டர் புழக்கத்துக்கு வருமுன் எழுதிய கணக்கு, ஆழாக்கு, பலம் என்று போகும். பலம் என்றால் ஏறக்குறைய 35 கிராம், எட்டு ஆழாக்கு ஒரு படி, சரி, ஆனால் படியிலேயே பெரிய படி, சின்னப் படி என்று உண்டே! மாமியார் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்த கணக்கு இல்லையென்றால் நான் திண்டாடியிருப்பேன். அப்படியும் சொல்கிறேன், பழைய அளவாக இருந்தாலும் அளவு என்று ஒன்று இருக்கிறது. அன்றாடக் குழம்பு, கூட்டுக்கு மல்லிகா பத்ரிநாத்தின் சின்னப் புத்தகங்களை எடுப்பேன், கப், டீஸ்பூன் கணக்கு, வேலை சுலபம்.

இரண்டிலும் எனக்குப் போதாதது ஒன்று உண்டு. 'சமைத்துப் பார்' முழுக்க சைவம், சம்பந்தி வீட்டார் வந்தால் கறிக்குழம்புக்கு அது உதவாது. அப்புறம் ஆள் கணக்கு. நாலு பேருக்கான குறிப்பை பதினைந்து பேருக்கு அப்படியே பெருக்கினால் சாதம் குழைந்துவிடும், பெரிய அண்டாவில் அதே விகிதத்தில் தண்ணீர் வற்றாது. காரமும் பெருங்காயமும்கூட அப்படித்தான், நேராகப் பெருக்கினால் தூக்கலாகிவிடும், முதலில் குறைத்துப் போட்டு ருசி பார்த்துச் சேர்க்க வேண்டும். கல்யாணச் சமையல்காரர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் சமைக்கிறவர்களுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

உங்கள் பத்திரிகை சொல்லித் தரலாம். ஒரு படத்தின் அளவைப் பாதியாக்கினால் இடம் தாராளமாகக் கிடைக்கும். எத்தனை பேருக்கு, மாங்காய் எத்தனை கிலோ, கல் உப்பா தூள் உப்பா (ஒரு கரண்டி கல் உப்பும் ஒரு கரண்டி தூள் உப்பும் ஒரே எடை கிடையாது), எத்தனை நாள் வெயில், இவ்வளவு போதும். கோழி, மீன் குறிப்புகளையும் எடை போட்டே எழுதுங்கள். நீலம் மாம்பழம் வரத் தொடங்கிவிட்டது, அடுத்த ஞாயிறு மாம்பழ மோர்க்குழம்பு போடுவதாக இருந்தால் பதினைந்து பேருக்குப் போடுங்கள், உப்பைக் கிராமில்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்